நுரை அடங்குமுன்

ஜூன் 12, புதன்

காலையும் மாலையும் பி.பி. பார்த்து எழுதி வைக்கும்படி மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் புத்தாண்டுக்குக் கொடுத்தது, இதுவரை மளிகைக் கணக்குக்குக்கூட உதவாமல் கிடந்தது. எண்ணை மட்டும் எழுதிவிட்டு மூடி வைத்துவிடலாம். ஆனால் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கைக்கு வெற்றுத்தாளைக் கண்டால் சும்மா இருக்கத் தெரிவதில்லை.

மாலை 160/100.

ஜெயக்கொடிக்கு இதயம் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை எழுதியிருக்கிறேன், ஆனால் உப்பைக் குறைத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் ஒருநாள் மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார். உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மனைவிக்கு நோய் என்று சொன்ன அறையில் பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். காரியாபட்டி தாண்டிய பிறகு, ரசத்தில்கூடப் போடக்கூடாதா என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 13, வியாழன்

சமையலறையைச் சோதனை போட்டேன். ஊறுகாய், கருவாடு, வடகம், அப்பளக்கட்டு எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. டப்பா டப்பாவாக எடுத்துப் பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பிஸ்கட்டில் சமையல் சோடா, NaHCO₃. அப்பளத்தில் காரம், அதுவும் சோடியம் கார்பனேட்தான், Na₂CO₃. நூடுல்ஸ் மசாலாவில் வேறொரு சோடியம். மோப்ப நாய் மாதிரி ஒவ்வொன்றையும் பிடித்து வெளியே தள்ளினேன்.

பள்ளி ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்றில் உப்பைக் கொட்டி, NaCl என்று சீட்டு ஒட்டி, படுக்கையறை பீரோ உச்சியில் வைத்துவிட்டேன். அவளுக்கு எட்டாது. காலையில் நானே ஒரு நாளுக்கானதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

அவளை நிற்கவைத்து ஒரு பாடமும் நடத்தினேன். எதிரி உப்பு அல்ல, உப்புக்குள் இருக்கும் சோடியம். அது எந்த வேஷத்தில் வந்தாலும் சோடியம்தான். கரிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கையில் கரண்டியோடு முழுவதையும் கேட்டாள்.

"எனக்கு உப்புன்னா உப்புதாங்க. நீங்க பார்த்துக் குடுத்தா சரி" என்றாள்.

ஜூன் 20, வியாழன்

காலை 156/98. இறங்குகிறது.

உப்பில்லாத சாம்பாரை அவளுக்கு முன்னால் நானும் சாப்பிடுகிறேன். பள்ளியில் மதியம் கேண்டீனில் வடை. அதை எழுத வேண்டியதில்லை, எழுதிவிட்டேன்.

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அரை வயிற்றில் மாத்திரை போடுகிறாள். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல். மருந்துக்கடையில் சொன்னேன். தண்ணீரில் கொட்டினால் பொங்குமே, அந்தப் பொட்டலம் ஒரு பெட்டி கொடுத்தான். எலுமிச்சை வாசம். மாத்திரை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இந்த வேலையை நான் யாருக்கும் விடுவதில்லை. எவர்சில்வர் தம்ளரில் பாதித் தண்ணீர், பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டியதும் விளிம்புவரை ஏறும். "நுரை அடங்குமுன்ன குடி" என்று நீட்டுவேன். மூக்கில் தெறிக்கும். சிறுபிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்துச் சிரித்துக்கொண்டே குடிப்பாள். சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் தண்ணீரில் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், அதுதான் இந்த நுரை என்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய ஏப்பம் ஒன்று விட்டு, "உங்க கார்பன் வந்துருச்சு" என்றாள்.

இந்த வீட்டில் இப்போது நான் அவளிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டே இருக்கிறேன். கொடுப்பது இது ஒன்றுதான்.

ஜூன் 27, வியாழன்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். 158/100. பொட்டலம் காலை ஒன்று, இரவு ஒன்று.

ஜூலை 6, சனி

மதுரை. 170/104.

டாக்டர் அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. உப்பு குறையவே இல்லையே என்றார். ஊறுகாய் உண்டா, கருவாடு உண்டா, பேக்கரிப் பண்டம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். வீட்டில் உப்பு என் கையில்தான் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஜெயக்கொடியைப் பார்த்தேன். நான் பார்த்ததை டாக்டரும் பார்த்தார். பிறகு அவரும் அவளைப் பார்த்தார்.

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லி வெள்ளை கேன் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதில் சோடியம் எவ்வளவு என்று பார்ப்பார்களாம். உள்ளே போனது வெளியே வந்துதான் ஆகவேண்டும். எனக்குப் பிடித்த வகைச் சோதனை.

ஜூலை 10, புதன்

முடிவு வந்துவிட்டது. நான் அளந்து கொடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே.

தாளை அவள் முன்னால் வைத்தேன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பில் காப்பியடித்தவனிடம் பேசும் குரலில், மனுஷர்கள் பொய் சொல்லலாம், சிறுநீர் சொல்லாது என்றேன்.

"நான் ஒண்ணும் திங்கலீங்க" என்றாள்.

"அப்ப இது எங்கருந்து வந்துச்சு?"

தாளை என் பக்கமே தள்ளி வைத்தாள்.

மாலை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு தூக்குவாளி கிடைத்தது. உள்ளே மோர் மிளகாய். விருதுநகரில் இருக்கும் அவள் அக்கா தங்கபுஷ்பம் மதினி கொண்டுவந்தது. நான் பள்ளிக்குப் போன நேரத்தில் வந்து போயிருக்கிறார். மோர் மிளகாய் என்றால் மிளகாய் பாதி, உப்பு பாதி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜூலை 13, சனி

எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

மதினி வந்தார். கையில் டிபன் கேரியர். வாசலிலேயே நிறுத்தி, இனி இந்த வீட்டுக்குப் பாத்திரத்தோடு வரவேண்டாம் என்றேன். தங்கச்சிக்குச் சுண்டைக்காய்க் குழம்பு, உப்பே போடவில்லை, நீங்களே ஒரு வாய் பாருங்கள் என்று கேரியரைத் திறக்கப் போனார். திறக்க விடவில்லை. மோர் மிளகாய் வாளியைக் கொண்டுவந்து காட்டினேன். அது போன வருஷத்தது, தம்பி உங்களுக்குத்தான் தயிர்சாதத்துக்குப் பிடிக்குமே என்று கொண்டுவந்தேன் என்றார். பாசம் என்ற பெயரில் என் மனைவியைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

மதினிக்கு அறுபது வயது. எனக்கு மூத்தவர். எங்கள் கல்யாணத்தில் ஜெயக்கொடியை மணவறைக்குக் கைபிடித்து அழைத்து வந்தவர் அவர்தான். அம்மா இல்லாத வீடு.

"நானும் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறேன் தம்பி. இனி நீங்களா வந்து கூப்பிடாம இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார்.

கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். ஜெயக்கொடி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள், அவள் சாப்பிடவில்லை. வயிறு எரிகிறது என்றாள். பொட்டலம் கலக்கிக் கொடுத்தேன். இந்தமுறை சிரிக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் நித்தியா பேசினாள். அம்மா திருட்டுத்தனமாக உப்பு சாப்பிடுகிறாள், நீதான் கேட்கவேண்டும் என்றேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். என்ன சொன்னாளோ. ஜெயக்கொடி, "சரிம்மா, சரிம்மா, இனிமே இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இட்லி ஒன்றோடு எழுந்துவிடுகிறாள். எரிச்சல் கூடியிருக்கிறது. மதியத்துக்கும் ஒரு பொட்டலம் சேர்த்திருக்கிறேன். மூன்று.

ஜூலை 28, ஞாயிறு

வியாழன் விடியும்போது மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஆம்புலன்ஸ். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருமங்கலம் பிரியும் சாலையில் ரயில்வே கேட் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபடியே போனேன். அந்தச் சாலையில் கேட்டே இல்லை. பயத்தில் மூளை அப்படி ஓடியது.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஊசியில் நீர் பிரிந்து வீக்கம் வடிந்தது. இன்று வீடு திரும்பினோம்.

வேறு ஏதாவது மருந்து, கஷாயம், நாட்டு வைத்தியம் என்று கொடுக்கிறீர்களா என்று சின்ன டாக்டரம்மா கேட்டாள். நாட்டு வைத்தியமா, நானா? ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்சம் கோபமாகக்கூடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இறங்குகிறது, வீட்டில் இருக்கும்போது ஏறுகிறது. அப்படியானால் வீட்டில்தான் எங்கோ உப்பு இருக்கிறது. ஒரு அறிவியல்காரன் வேறு எப்படி யோசிப்பான்? அரிசி மூட்டையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

பதினொன்றாம் வகுப்பில் பாடம் பாதியில் நின்றது. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

எழுதிவிட வேண்டும். நேற்று முழுக்க எழுதாமல் வைத்திருந்து பார்த்தேன், அது போகவில்லை.

சோடியம் சேர்மங்கள் பாடம். எனக்குப் புத்தகம் தேவையில்லாத பாடம். நான்கையும் பலகையில் எழுதினேன். சாதாரண உப்பு NaCl. எரி சோடா NaOH. சலவைச் சோடா Na₂CO₃·10H₂O. சமையல் சோடா NaHCO₃. எதற்கு எது பயன்படும் என்று பக்கத்தில் எழுதுவது வழக்கம். கடைசிக்கு நேராக, எத்தனையோ வருடமாக எழுதியதுபோல, 'வயிற்றில் அமிலத்தன்மையைப் போக்கும் மருந்துகளில்' என்று எழுதினேன். சுண்ணக்கட்டி 'களில்' என்ற இடத்தில் நின்றது.

Na. அதன் முதல் இரண்டு எழுத்தையும் என் கையால்தான் எழுதியிருக்கிறேன். ஆயிரம் முறை எழுதியிருப்பேன்.

எண்பத்து நான்கில் இருபத்து மூன்று பங்கு சோடியம். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மனதில் போட்டுப் பார்த்தேன். மூன்று பொட்டலத்தில் உள்ள சோடியம் ஒரு தேக்கரண்டி உப்பில் உள்ளதைவிட அதிகம். நான் பீரோ உச்சியில் ஏற்றி வைத்துவிட்டு, கிண்ணத்தில் சிட்டிகையாகக் கொடுத்ததைப்போல எத்தனை மடங்கோ. அதை நானே கலக்கி, நுரை அடங்குமுன் குடி என்று அவசரப்படுத்திக் குடிக்க வைத்திருக்கிறேன்.

பிஸ்கட்டில் இருந்த துளி சோடாவைப் பிடித்தேன். சமையலறையில் இருந்ததையெல்லாம் படித்தேன். மாத்திரை அலமாரியில் இருந்ததைப் படிக்கவில்லை. அது மருந்தல்லவா. அது எலுமிச்சை வாசமல்லவா. கரிக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று ஜூன் 13 அன்று யார் யாருக்குப் பாடம் நடத்தினார்கள்? இந்த டைரியில் ஜூன் 20 அன்று சோடியம் பைகார்பனேட் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது. இதற்கு வேறு சொல் தேடவேண்டியதில்லை, வெட்கம்தான்.

நேற்று மாலை மீதிப் பெட்டியைப் பைக்குள் போட்டு எடுத்துப்போய் ஆய்வகத் தொட்டியில் ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொட்டினேன். எல்லாம் பொங்கியது. எலுமிச்சை வாசம் அறை முழுக்க நின்றது. குழாயைத் திறந்துவிட்டுவிட்டு நின்றேன்.

கடையில் ஸ்டாக் இல்லையாம், சீரகத் தண்ணீர் குடி என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள்.

நாளை சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. 152/94.

ஆகஸ்ட் 14, புதன்

146/90. சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பத்தைத் துடைக்கும் வேலை என் தலையில். பொழுது போய்விட்டது. அவள் நன்றாகத் தூங்குகிறாள். நன்றாக இருக்கும்போது போய் எதற்குக் கிளற வேண்டும்?

ஆகஸ்ட் 22, வியாழன்

மதுரை. 134/86. கணுக்காலில் குழி விழவில்லை.

டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். "இப்பத்தான் சார் சரியான கண்ட்ரோலுக்கு வந்திருக்கு. என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெயக்கொடி, "எங்க அக்காவ வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க டாக்டர்" என்றாள். வெள்ளந்தியாகச் சொன்னாள், குத்திக்காட்டவில்லை. டாக்டர் சிரித்து, சில நேரம் கண்டிப்பு வேண்டும்தான் என்றார்.

கொடுத்த கையை நான் வாங்கிக்கொண்டேன். குலுக்கவும் செய்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று நடந்ததை எழுதவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இதை எழுதாவிட்டால் நான் எதையும் எழுதத் தகுதியில்லை.

சாயங்காலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிமிராமல் பேசினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக்கூடாது. அக்கா குடுத்த மோர் மிளகாயில ரெண்டு தடவ ஒரு துணுக்குக் கிள்ளி நாக்குல வச்சேன். நாக்கு செத்துப்போச்சுங்க, அதான். ரெண்டு தடவதான்னு நெனச்சேன். கூடவும் இருந்திருக்கும் போல. அக்கா வராம நின்ன கொஞ்ச நாள்ல பாருங்க, தன்னால கொறஞ்சிருச்சு. அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணும் திங்கலேன்னு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

பேப்பரை மடித்தேன். சொல்லவேண்டிய நேரம் அது. அதைவிட நல்ல நேரம் கிடைக்கவே கிடைக்காது.

"போகட்டும் விடு" என்றேன். "இனிமே ஜாக்கிரதையா இரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. என்ன செய்கிறது என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையின் கீழ் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை கிடையாது என்று அவளுக்கும் தெரியும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மதினியின் இளைய மகன் ஜெகதீஸுக்குக் கல்யாணம், வரும் பதினைந்தாம் தேதி விருதுநகரில். எங்கள் பக்கத்தில் சொந்தத் தங்கை வீட்டுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துப் பெற்றவள் நேரில் வந்துதான் அழைக்க வேண்டும். மதினி வரவில்லை. மாப்பிள்ளையே பைக்கில் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, சித்தி என்று கூப்பிட்டுப் பத்திரிகையை நீட்டினான். உள்ளே வா என்றேன். அம்மா வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் சித்தப்பா என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அவன் போனபிறகு ஜெயக்கொடி பத்திரிகையை மஞ்சள் வாசம் முகர்ந்து பார்த்தாள். வளர்த்த பிள்ளை. அக்கா டைபாய்டில் கிடந்தபோது ஒரு வருடம் நம் வீட்டில்தான் இருந்தான்.

நான் வரவில்லை, நீங்கள் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"கல்யாண வீட்டுல அப்பளம், ஊறுகான்னு பரத்தி வச்சிருப்பாங்க. எனக்கு வாய் நிக்காது. உங்களுக்குத்தான் சங்கடம்."

தன்னையே நம்பாதவளாக ஆக்கி வைத்திருக்கிறேன். வீக்கம் வடிந்துவிட்டது, இது வடியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் கீரைக்காரம்மா வந்தாள். ஆட்டுக்கறியை உப்புக்கண்டம் போட்டிருக்கிறோம், ஒரு பொட்டலம் தரட்டுமா என்று ஜெயக்கொடியிடம் கேட்டாள். நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"வேணாம்மா. நான் திருட்டு உப்பு தின்ன கேசு. சார் கையும் களவுமாப் பிடிச்சுட்டாரு" என்று ஜெயக்கொடி சொல்லிச் சிரித்தாள். கீரைக்காரம்மாவும் சிரித்தாள்.

பாதி முகத்தில் சோப்போடு வெளியே போனேன். கீரைக்காரம்மா கூடையைத் தூக்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஜெயக்கொடியை உள்ளே வரச் சொன்னேன்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சோடியம் பைகார்பனேட்டில் என்ன இருக்கிறது என்று தொடங்கினேன். எண்பத்து நான்கில் இருபத்து மூன்று என்றேன். அமிலம், காரம், நடுநிலையாக்கல் என்று எங்கெங்கோ போனேன். அவள் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாடம் கேட்கும் முகத்தோடு நின்றாள். ஒன்றும் ஏறவில்லை. ஏறக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறேன் என்று எனக்கே புரிந்தது.

"ஜெயா, நீ உப்பு திங்கல. நான்தான் குடுத்தேன். அந்தப் பொங்குற தண்ணி முழுக்க அதுதான். உன்ன ஆஸ்பத்திரியில படுக்கவச்சது மோர் மிளகா இல்ல, நான்."

கீரைக்கட்டின் வாழைநாரை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெரியாமத்தான குடுத்தீங்க" என்றாள்.

தலையாட்டினேன். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவளே வழிவிட்டாள். ஆனால் அவள் முப்பத்தோரு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"போன மாசம். ஏழாந்தேதி."

அவள் விரல் கீரைக்கட்டில் நின்றது. காலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

"அப்ப நான் மன்னிப்புக் கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

நான் நின்றேன். முகத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது.

அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. படுக்கையறையில் அதன்மேல் ஏறி, பீரோ உச்சியிலிருந்து உப்புக் குப்பியை எடுத்துக்கொண்டிருந்தாள். விழுந்துவிடப் போகிறாள் என்று பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினாள். அடுப்புக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் வைத்தாள். அன்று குழம்பில் அவளே அளந்து போட்டாள். நான் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் போட்டாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு ஒரே ஒரு வார்த்தை. "அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. இந்த நம்பர் எல்லாம் வேணாம். அவளுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

செப்டம்பர் 10, செவ்வாய்

டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். இனி கடையில் எதையும் கேட்டு வாங்காமல் அவரைக் கேட்கச் சொன்னார், எரிச்சலுக்கு வேறு மாத்திரை எழுதி அனுப்பினார். கை கொடுத்ததைப் பற்றி இருவருமே பேசவில்லை. நித்தியாவிடமும் சொன்னேன். "அப்பா" என்றாள். அப்புறம் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். இந்தமுறை ஜெயக்கொடி கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

முதல் பஸ்ஸில் இருவரும் விருதுநகர் போனோம். அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். மண்டப வாசலில் சந்தனக் கும்பாவோடு மதினி நின்றிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கும்பாவைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டு வந்து கட்டிக்கொண்டார். என்னை, வாங்க தம்பி என்றார். கல்யாண வீட்டு வாங்க.

ஒரு நிமிஷம் தனியாகப் பேசவேண்டும் என்றேன். காய்கறி மூட்டை வைத்திருந்த அறைக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டு பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பப் போனார். இருக்கட்டும் மதினி, அன்றைக்கும் எதிர்வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டுதானே இருந்தார்கள் என்றேன்.

சொன்னேன். நான் கொடுத்த மருந்தில்தான் உப்பு இருந்தது. உங்கள் குழம்பிலும் இல்லை, உங்கள் தங்கை நாக்கிலும் இல்லை. தெரிந்த பிறகும் ஒரு மாதம் மறைத்தேன். அவளை மன்னிப்புக் கேட்கவைத்து, மன்னிக்கவும் செய்தேன். நீங்கள் கொல்லப் பார்க்கிறீர்கள் என்று சொன்ன வாய் இதுதான்.

தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் அதுக்கப்புறம் மோர் மிளகா போடவே இல்ல" என்றார். "என் கையாலதான் தங்கச்சி மூச்சு முட்டிக் கிடந்தான்னு வெயில்ல காயவச்சதெல்லாம் குப்பையில கொட்டுனேன். இன்னைக்கு எம் மகன் கல்யாணம். உங்கள நாளைக்குத் திட்டுறேன். இப்ப பந்திக்கு வாங்க."

பந்தியில் ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கம்போல முதலில் இலை ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் இலையிலும் ஒரு சிட்டிகை விழுந்தது. பழக்கதோஷம், எடுக்கக் கை நீட்டினேன்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லி, விரலால் அவளே இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த மதினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 16, திங்கள்

128/84.

மதினி சொன்னபடியே காலையில் போன் செய்து திட்டினார். நெடுநேரம் திட்டினார். இடையில் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தார். கேட்டுக்கொண்டேன். கடைசியில், எப்போது வரவேண்டும் என்று கேட்டார். நானே வந்து கூப்பிடுகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை போகவேண்டும். வெற்றிலை பாக்கு வாங்கி வைக்க வேண்டும்.

மாலையில் ஜெயக்கொடிக்கு நெஞ்சில் லேசாக எரிச்சல். கல்யாணச் சாப்பாடு. டாக்டர் எழுதிய மாத்திரை போட்டாள். நான் அடுப்பில் சீரகத்தைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆற்றி, அந்த எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் கொடுத்த எதையும் என்னவென்று கேட்டு அவள் குடித்ததில்லை.

தம்ளரை வாங்கினாள். குடிக்கவில்லை.

"இதுல என்ன இருக்கு?"

"சீரகம். தண்ணி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

தம்ளரைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். கோபமில்லை, சும்மா பார்த்தாள். இனி எப்போதும் கேட்பாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு குடித்தாள். காலித் தம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.